நாடகத்துல ஃப்ரீலான்ஸா இருக்கறவங்களுக்காக டைரக்டர்கள் சங்கம் ஆரம்பிக்கலாமா?

உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். மேல கேட்டிருக்கறது, சென்னையில நாடகம் போடற டைரக்டர்கள் ஏழெட்டு பேர் சேர்ந்து, லைட்டு, செட்டு, மேக்கப், மியூசிக், நடிகர்னு எந்த ட்ரூப்லயும் நிலையா இல்லாம ஃப்ரீலான்ஸா ஓடிட்டிருக்கறவங்களுக்காக ஒரு சங்கம் பதிவு பண்ணணும், எந்த சட்டத்துல பண்றது, பண்ணினா என்ன பிரயோஜனம், நிதி எப்படி சேர்க்கறதுன்னு. ஆனா கடைசியில போறபோக்குல ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, "டைரக்டர் சொன்னா சபாவுலயும் கேப்பாங்க, கவர்மெண்ட்லயும் கேப்பாங்க, அதனால அவங்க சார்பா நாங்களே பேசிடலாம்னு நினைக்கறோம்"னு, எனக்கு என்னமோ அதான் நிஜமான கேள்வின்னு படுது. பதிவெல்லாம் பேப்பர் வேலை, அலைஞ்சா முடிஞ்சுடும். அடுத்தவங்க சார்பா டைரக்டர் பேசலாமா, பேசினா எது வரைக்கும் பேசலாம்ங்கறது தான் சிக்கல், அதனால அதை முதல்ல எடுத்துக்கறேன், சட்டம் பின்னாடி வரும்.

நான் இந்த ஊர்ல நடிகனா ஆரம்பிச்சு, நடுவுல நிறைய பேருக்கு லைட் ஆப்பரேட் பண்ணி, இப்போ பல வருஷமா டைரக்ட் பண்றவன். சபா நாடகமும் (மெம்பர்களுக்காக கச்சேரி, நாடகம்னு ஏற்பாடு பண்ற அமைப்பு தான் சபா) பண்ணியிருக்கேன், அலியான்ஸ் பிரான்சேஸ்ல நூறு பேருக்கு போடற நவீன நாடகமும் பண்ணியிருக்கேன். வக்கீல் இல்ல, ஆடிட்டரும் இல்ல. இந்த மாதிரி ஒரு முயற்சிக்காக வக்கீல் ஆபீஸ் படியேறி இறங்கினதுல தெரிஞ்சுகிட்டதை சொல்றேன், எதுலயும் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி தொழிலாளர் கேஸ் பாக்கற ஒரு வக்கீல் கிட்ட காட்டிடுங்க.

சென்னையில நாடக டைரக்டர்னா யாருன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. சபா நாடகம்னா, சபா செக்ரட்டரி ஒரு ஷோவுக்கு இவ்வளவுன்னு மொத்தமா ட்ரூப்புக்கு குடுப்பார், அதை வாங்கறது ட்ரூப் ஓனர், பல இடத்துல அவரே தான் எழுத்தாளர், அவரே டைரக்டர், அவரே ஹீரோ. அதுலேர்ந்து செட்டுக்கு, லைட்டுக்கு, மேக்கப்புக்கு, டெம்போவுக்கு குடுத்தது போக மிச்சம் இருந்தா ஆர்ட்டிஸ்டுக்கு பேட்டா. நவீன நாடகம், இங்கிலீஷ் நாடகம்னா இன்னும் மோசம், டைரக்டரே கைக்காசு போட்டு மியூசியம் தியேட்டரோ லேடி ஆண்டாள் ஹாலோ எடுத்து, டிக்கெட் வித்து, வந்த காசுல எல்லாருக்கும் கவர் குடுக்கறார். ரெண்டு இடத்துலயும் லைட் போடற பையனுக்கு சம்பளம் குடுக்க வேண்டியவர் யாருன்னு பாத்தா டைரக்டர் தான். நீங்க ஆரம்பிக்கப்போற சங்கத்துல அந்த பையன் சார்பா சம்பளம் கேக்கப்போறவரும் அதே டைரக்டர். கேக்கறவரும் குடுக்கறவரும் ஒரே ஆளா இருந்தா அங்க பேச்சுவார்த்தைன்னு எதை சொல்றது? உங்க மனசு நல்ல மனசு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா பேமெண்ட் மூணு மாசமா வரலைன்னு ஒருத்தர் புகார் குடுக்க வர்றப்போ, கமிட்டி டேபிள்ல அந்த பேமெண்ட் குடுக்க வேண்டியவரே உக்காந்திருந்தா அவர் திரும்பி வீட்டுக்கு போயிடுவார். அடுத்த நாடகத்துக்கு கூப்பிட மாட்டாங்கங்கற பயம் ஃப்ரீலான்ஸர்க்கு எப்பவும் உண்டு, அது சங்கம் வந்தா மட்டும் போயிடாது.

வெளிநாட்டுல டைரக்டர்கள் சங்கம் நடத்தறாங்களேன்னு கேப்பீங்க. அமெரிக்காவுல மேடை டைரக்டர்களுக்கும் நடன அமைப்பாளர்களுக்கும் 1959-லேர்ந்து தனியா ஒரு யூனியன் இருக்கு, குறைஞ்சபட்ச சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் அவங்க பேசி வாங்கறாங்க. ஆனா அங்க டைரக்டரை ஒரு ப்ரொட்யூசரோ ஒரு தியேட்டர் நிர்வாகமோ கூலிக்கு எடுக்கறாங்க, அதாவது டைரக்டரும் நடிகர் மாதிரியே சம்பளம் வாங்கற ஆள். அதனால அவர் தனக்காக பேசறார். நடிகருக்கு தனி யூனியன் 1913-லயே வந்தாச்சு, அவங்க விஷயத்துல டைரக்டர் யூனியன் மூக்கை நுழைக்கறதில்ல. இங்கிலாந்துல 2020 கொரோனா சமயத்துல தியேட்டர் எல்லாம் மூடினப்போ, வேலை பாக்கறவங்கள்ல பெரும்பாலானவங்க ஃப்ரீலான்ஸ், யாருக்கும் எந்த நிர்வாகமும் பொறுப்பில்லைங்கறது பளிச்சுனு வெளிய தெரிஞ்சது. அப்போ நூத்துக்கும் மேல தியேட்டர் அமைப்புகள் ஆளுக்கு ஒரு ஃப்ரீலான்ஸருக்கு காசு குடுத்து, நீங்க எங்க சம்பளத்துல உக்காந்து ஃப்ரீலான்ஸர்கள் பிரச்சினையை பேசுங்கன்னு ஒரு குழு அமைச்சாங்க. அதுல எனக்கு பிடிச்ச விஷயம் ஒண்ணு தான், பேசறதுக்கு செலவாகற நேரத்துக்கு காசு குடுத்தாங்க. நம்ம ஊர்ல சங்க வேலைன்னாலே சும்மா பாக்கணும்னு ஒரு நினைப்பு, அதனால சும்மா பாக்க வசதி இருக்கறவர் தான் எப்பவும் தலைவர் ஆகறார்.

ஆனா வெளிநாட்டை விட நமக்கு பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு, சென்னையில நவீன நாடகம் பண்றவங்க அதை திரும்பியே பாக்கறதில்ல. தென் மாவட்டத்து ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதின வள்ளி திருமணம் மாதிரி நாடகங்களை ராத்திரி பூரா கோயில் திருவிழாவுல போடறாங்களே, அது முழுக்க முழுக்க ஃப்ரீலான்ஸ் முறை. ராஜபார்ட், அதாவது கதாநாயகன், ஒரு ஊர்லேர்ந்து வருவார், ஸ்த்ரீபார்ட், அதாவது கதாநாயகி, வேற ஊர்லேர்ந்து, பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாரையும் தனித்தனியா ஒரு ராத்திரிக்கு மட்டும் புக் பண்ணுவாங்க, சேந்து ஒத்திகை கிடையாது, மேடை ஏறினப்பறம் தான் பல பேர் ஒருத்தரை ஒருத்தர் பாப்பாங்க. எல்லாருக்கும் பாட்டும் கதையும் தெரியும்ங்கறதால நாடகம் நடக்குது. இவங்களுக்கு மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி பக்கமெல்லாம் நாடக நடிகர் சங்கங்கள் உண்டு, மெம்பரா இருக்கறவங்க நடிகர்களும் வாத்தியக்காரங்களும். பெரிய படிப்பு படிச்சவங்க இல்ல, ஆபீஸ் வெச்சு நடத்தறாங்க, சங்கத்துக்குன்னு கட்டுப்பாடு இருக்கு, வருஷா வருஷம் சங்கரதாஸ் சுவாமிகள் குருபூஜையில எல்லாரும் கூடறாங்க. அங்க டைரக்டர்னு ஒருத்தர் கிடையவே கிடையாது, அதனால அவங்க சார்பா பேச மேலேர்ந்து யாரும் வரலை, அவங்களே பேசிகிட்டாங்க. அதுலயும் சாதி, ஆம்பளை பொம்பளை பாகுபாடு, ஏஜெண்ட் கமிஷன்னு பிரச்சினை இல்லாம இல்ல, நான் அதை தலையில தூக்கி வெச்சு ஆடலை. ஆனா சென்னை தென்னிந்திய நடிகர் சங்க எலக்ஷன் வந்தா சினிமா நட்சத்திரங்களே அந்த நாடக நடிகர்கள் ஓட்டுக்காக மாவட்டம் மாவட்டமா போய் நிக்கறாங்களே, 2015-ல எல்லா டிவியிலயும் பாத்தோமே, அது எண்ணிக்கைக்கு கிடைச்ச மரியாதை. உங்க ஏழெட்டு டைரக்டர்களுக்கு கிடைக்கற மரியாதை வேற ரகம், சால்வை போடுவாங்க, டீ குடுப்பாங்க, மனுவை வாங்கி வெச்சுப்பாங்க.

அப்போ டைரக்டர்கள் எதுவும் செய்யவே கூடாதான்னா, அப்படி இல்ல. எந்த விஷயத்துல டைரக்டரும் ஃப்ரீலான்ஸரும் ஒரே பக்கம் நிக்கறாங்களோ அங்க டைரக்டர் தாராளமா முன்னாடி நின்னு பேசலாம், பேசியே ஆகணும். அனுமதி விஷயத்தையே எடுத்துக்கோங்க. தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டம்னு 1954-லேர்ந்து ஒண்ணு இருந்தது, ஸ்கிரிப்டை போலீஸ் கிட்ட குடுத்து அனுமதி வாங்கணும்ங்கறதெல்லாம் அதுல வந்தது தான். அதை எதிர்த்து பரீக்‌ஷா நாடகக் குழு நடத்தின ஞாநி ஹைகோர்ட்டுக்கு போனார், அந்த சட்டத்தோட முக்கியமான பிரிவுகள் செல்லாதுன்னு தீர்ப்பு வந்தது. ஒரு டைரக்டர் போட்ட கேஸ், பலன் இன்னிக்கு மேடை ஏறற எல்லாருக்கும். 1876-ல வெள்ளைக்காரன் போட்ட நாடகச் சட்டத்தையும் 2018-ல தான் மத்திய அரசு எடுத்துச்சு. ஹால் வாடகையும் இந்த ரகம் தான், மாநகராட்சி கட்டடங்கள்ல ஒத்திகைக்கு இடம் கேக்கறதும் இந்த ரகம் தான். 500 ரூபாய் வரைக்கும் உள்ள நாடக டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி இல்லைங்கறது தெரியாமலே சில பேர் பயந்துட்டு டிக்கெட் போடாம நன்கொடைன்னு உண்டியல் வெக்கறாங்க, அதை எல்லாருக்கும் சொல்றது கூட ஒரு வேலை. இதுலயெல்லாம் உங்களுக்கும் லைட்மேனுக்கும் சண்டை வராது. சம்பளம், வேலை நேரம், கேன்சல் ஆனா நஷ்ட ஈடு, மரியாதைக் குறைவா நடத்தறது, இதெல்லாம் வந்தா நீங்க எதிர் பக்கம். அங்க அவங்களே பேசணும், நீங்க கேக்கணும்.

இப்போ சட்டம். முதல்ல ஒரு கசப்பான விஷயம், சினிமாவுல வேலை பாக்கறவங்களுக்கு எழுத்துல ஒப்பந்தம் போடணும்னு 1981-லயே ஒரு தனி சட்டம் வந்துச்சு. புதுசா வந்திருக்கற தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், 2025 நவம்பர் 21-லேர்ந்து அமல்னு அறிவிச்சாங்களே, அதுல சினிமா, டிவி, வெப் சீரிஸ், டாக் ஷோ, ரியாலிட்டி ஷோ, ஏன் ஸ்போர்ட்ஸ் ஷோ வரைக்கும் ஆடியோ விஷுவல் தொழிலாளர்னு சேர்த்து எழுத்து ஒப்பந்தம் கட்டாயம்னு வெச்சிருக்காங்க. மேடை நாடகம் அந்த பட்டியல்ல இல்ல. அதே மேக்கப் மேன் காலையில சீரியல் ஷூட்டிங்ல நின்னா சட்டத்துக்கு கண் தெரியுது, சாயங்காலம் வாணி மகால் க்ரீன் ரூம்ல நின்னா தெரியலை. மாநிலத்துல பாத்தா, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-லேர்ந்து இருக்கு, தெருக்கூத்து மாதிரி கலைஞர்களுக்கு கல்வி உதவி, கல்யாண உதவி, விபத்து உதவி எல்லாம் அதுல உண்டு. நலிந்த கலைஞர்களுக்கு மாசா மாசம் உதவித்தொகை இயல் இசை நாடக மன்றம் மூலமா வருது. ரெண்டுலயும் சபா நாடகத்துக்கு லைட் போடறவரையோ நவீன நாடகத்துக்கு செட் டிசைன் பண்ற பொண்ணையோ எந்த கட்டத்துல எழுதறதுன்னு க்ளார்க்குக்கே குழப்பம் வரும். நீங்க கவர்மெண்ட் கிட்ட ஒரே ஒரு கோரிக்கை வெக்கறதா இருந்தா இதை வைங்க, மேடைத் தொழில்நுட்பக் கலைஞர்னு ஒரு வகையை வாரியத்துல சேருங்கன்னு. நடக்குமான்னு கேட்டா, தனி வாரியம் கேக்கறதை விட இருக்கறதுல ஒரு வரி சேர்க்கறது சுலபம்ங்கறது என் கணிப்பு, அவ்வளவு தான் சொல்ல முடியும்.

பதிவுக்கு வழி ரெண்டு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, அதுல ஏழு பேர் இருந்தா போதும், விதிமுறை எழுதி மாவட்டப் பதிவாளர் கிட்ட குடுத்து பதிவு பண்ணலாம், அப்பறம் வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி கணக்கு தாக்கல் பண்ணணும். இந்த கடைசி விஷயத்துல தான் நாடக சங்கங்கள் தூங்கிடும், ரெண்டு வருஷம் ஜாலியா நடக்கும், மூணாவது வருஷம் கணக்கு எழுதற ஆள் சீரியல்ல பிஸி ஆயிடுவார். இன்னொண்ணு தொழிற்சங்கமா பதிவு பண்றது, அதுக்கும் அடிப்படை எண்ணிக்கை ஏழு தான், ஆனா அந்த தொழில்ல இருக்கறவங்கள்ல பத்து சதவீதம் இல்ல நூறு பேர், எது கம்மியோ அது மெம்பரா இருக்கணும்னு ஒரு விதி சேர்ந்துக்கும். சினிமாவுல ஃபெப்சிக்கு (சினிமா தொழிலாளர் சங்கங்களோட கூட்டமைப்பு) கீழ இருக்கறதெல்லாம் தொழிலாளர் சங்கங்கள், அதனால அவங்களால முதலாளிகளோட உக்காந்து சம்பள ஒப்பந்தம் போட முடியுது. உங்க டைரக்டர்கள் குழுவுக்கு என்னை கேட்டா சங்கம் பதிவு போதும். தொழிற்சங்கம்ங்கறதை டெக்னீஷியன்களும் நடிகர்களும் தாங்களா ஆரம்பிக்கணும், நீங்க அதுக்கு ஹாலும் ஜெராக்ஸ் செலவும் குடுங்க, மெம்பர் ஆகாதீங்க.

இதுல ஒரு பள்ளம் இருக்கு, நிறைய பேருக்கு தெரியாது. "இந்த ரேட்டுக்கு கீழ யாரும் வேலை பாக்கக்கூடாது, பாத்தா ஒதுக்கி வெச்சுடுவோம்"னு ஒரு தீர்மானம் போடணும்னு முதல் மீட்டிங்லயே ஒருத்தர் எழுந்திருச்சு சொல்வார், கைதட்டும் வாங்குவார். போடாதீங்க. 2017-ல சுப்ரீம் கோர்ட்ல ஒரு கேஸ், மேற்கு வங்கத்துல டிவி கலைஞர்கள் டெக்னீஷியன்கள் கூட்டமைப்பு ஒண்ணு, டப்பிங் மகாபாரத சீரியலை ஒளிபரப்பக்கூடாதுன்னு சேனல்களை மிரட்டினதா புகார். நாங்க தொழிற்சங்க வேலை தான் பண்ணினோம்னு அவங்க சொன்னதை கோர்ட் ஏத்துக்கலை, வியாபாரிங்க கூட்டு சேந்து போட்டியை கெடுக்கறதை தடுக்கற போட்டிச் சட்டம் இதுக்கும் பொருந்தும்னு சொல்லிடுச்சு. டைரக்டரா இருக்கற நீங்க ஒவ்வொருத்தரும் சட்டத்தோட பார்வையில தனித்தனி வியாபாரம் மாதிரி, நாலு வியாபாரி சேந்து விலையை கட்டினா என்ன பேரோ அதே பேர் உங்களுக்கும் வரலாம். பரிந்துரையா ஒரு ரேட் பட்டியல் வெளியிடறது எவ்வளவு தூரம் பாதுகாப்புங்கறதை வக்கீல் கிட்ட எழுத்துல வாங்கிக்கோங்க. என் அபிப்ராயம், ரேட்டை விட்டுட்டு பேமெண்ட் தேதியை பிடிச்சு பேசுங்க. நான் பாத்த வரைக்கும் இந்த ஊர்ல லைட், செட் ஆளுங்களை கொல்றது கம்மி சம்பளத்தை விட எப்போ வரும்னே தெரியாத சம்பளம்.

அதுக்கு சங்கமே வேண்டாம், இந்த வாரமே ஆரம்பிக்கலாம். நீங்க ஏழெட்டு பேரும் அடுத்த ப்ரொடக்ஷன்ல வேலை பாக்கற ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்க லெட்டர் குடுங்க, தமிழ்ல, சாதாரண பாஷையில. என்ன வேலை, எத்தனை ரிகர்சல், எத்தனை ஷோ, மொத்தம் எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, மீதி எந்த தேதிக்குள்ள, ஷோ கேன்சல் ஆனா எத்தனை நாள் முன்னாடி சொன்னா என்ன கிடைக்கும், ராத்திரி பத்து மணிக்கு மேல ஆனா வீட்டுக்கு போக ஆட்டோ யார் செலவு, வீடியோ எடுத்து யூட்யூப்ல போட்டா அதுக்கு சம்மதம் உண்டா, காசு உண்டா. இந்த கடைசி விஷயத்தை லேசா எடுத்துக்காதீங்க, நடிக்கறவருக்கு காப்பிரைட் சட்டத்துல தனி உரிமை இருக்கு, சம்மதம் இல்லாம ரெக்கார்ட் பண்ணி விக்க முடியாது. இந்த லெட்டரை பாத்து பெரியவங்க சில பேர் "என்னப்பா குடும்பம் மாதிரி இருக்கோம், நடுவுல பேப்பர் எதுக்கு"ம்பாங்க. குடும்பம்னு சொல்ற இடத்துல தான் கவர் லேட்டா வரும், இது என் அனுபவம்.

டிடிஎஸ், அதாவது பணம் குடுக்கறப்பவே வருமான வரிக்குன்னு பிடிக்கறது, அது பத்தியும் டைரக்டர்கள் யோக்கியமா இருக்கணும். கார்ப்பரேட் ஷோ பண்ணினா கம்பெனிக்காரன் மொத்த பணத்துல பத்து சதவீதம் பிடிச்சுட்டு குடுப்பான், அது ட்ரூப் ஓனர் பான் நம்பர்ல ஏறும். அவர் அதே பத்து சதவீதத்தை லைட்மேன் கணக்குலயும் வாய்க்கணக்கா கழிச்சுட்டு குடுப்பார், ஆனா லைட்மேன் பான்ல எதுவும் ஏறாது, ரீஃபண்டும் கிடையாது. கழிச்சா அவங்க பேர்ல கட்டணும், கட்டலைன்னா கழிக்கக்கூடாது, இதுல ரெண்டாவது பேச்சே இல்ல.

ஏணி மேல ஏறி பார் லைட்டுங்கற மேடை விளக்கை கட்டறவருக்கு இன்சூரன்ஸ் இருக்கான்னு எந்த ட்ரூப்லயும் கேக்கறதில்ல. பிரதமர் விபத்துக் காப்பீடு வருஷத்துக்கு 20 ரூபாய், 18 வயசுலேர்ந்து 70 வயசு வரைக்கும், பேங்க் அக்கவுண்ட் இருந்தா போதும், விபத்துல இறந்துட்டா 2 லட்சம். ஷோ நடத்தற ஒவ்வொருத்தரும் தன் டீம்ல எல்லாருக்கும் இதை பண்ணி வெக்க ஒரு மத்தியானம் ஆகும். அமைப்புசாரா தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவும், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள்ள இருக்கறவங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் அதே மாதிரி தான், ஃபாரம் நிரப்ப பக்கத்துல ஒருத்தர் உக்காந்தா போதும். 2020 லாக்டவுன்ல நாங்க சில பேர் சேந்து அரிசி பருப்பு வாங்கி குடுத்தோம், வாங்கிகிட்டவங்கள்ல பாதி பேர் கிட்ட தன் வேலை என்னன்னு காட்ட ஒரு துண்டு பேப்பர் கூட இல்ல, எத்தனையோ வருஷமா மேடை பின்னாடி நின்னவங்க. அதுக்கப்பறம் தான் நான் இந்த லெட்டர் விஷயத்துல பிடிவாதமானேன்.

பொண்ணுங்க பாதுகாப்பு பத்தி நீங்க எதுவும் கேக்கலை, ஆனா சொல்லாம விட முடியாது. 2013 பணியிட பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துல, சம்பளம் வாங்கினாலும் வாங்காட்டாலும், தற்காலிகமா வந்தாலும், தன்னார்வமா வந்தாலும் அவங்க ஊழியர் தான். பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற இடம்னா உள் புகார்க் குழு வெக்கணும், பத்து பேருக்கும் கம்மியா இருக்கற இடம்னா மாவட்ட அளவுல இருக்கற உள்ளூர் புகார்க் குழுவுக்கு போகலாம், சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள. ஒத்திகை நடக்கற மொட்டை மாடியும் பணியிடம் தான். புகார் பெரும்பாலும் யார் மேல வரும்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், நடிக்க வாய்ப்பு குடுக்கற இடத்துல இருக்கறவர் மேல. அதனால டைரக்டர்கள் சங்கம் ஒண்ணு இந்த மாதிரி புகாரை "நாங்களே பேசி முடிச்சுக்கறோம்"னு கையில எடுக்கவே கூடாது. அந்த புகார்க் குழு விலாசத்தை எல்லா லெட்டர்லயும் அச்சடிச்சு குடுங்க, அது போதும்.

சந்தேகமான இடத்துக்கு வரேன். யாரை ஃப்ரீலான்ஸர்னு சொல்றதுங்கறதுலயே எனக்கு தெளிவு கிடையாது. சபா நாடகத்துல நடிக்கறவங்கள்ல நிறைய பேர் பேங்க்லயோ கம்பெனியிலயோ வேலை பாத்துட்டு, சனி ஞாயிறு ஆசைக்கு நடிக்கறவங்க, ரிடையர் ஆனவங்க. அவங்களுக்கு பேட்டா வந்தாலும் சரி, வராட்டாலும் சரி, கோடை நாடக விழாவுல பரிசு வந்தா சந்தோஷம். அதே மேடையில மேக்கப் போடறவர், செட் தூக்கறவர், மியூசிக் ஓட்டறவர் இதை வெச்சு தான் வீட்டு வாடகை குடுக்கறார். நவீன நாடகப் பக்கம் இருக்கற இளசுங்க, நடிப்பு ஒர்க்ஷாப் எடுத்து, ஸ்கூல்ல ட்ராமா க்ளாஸ் எடுத்து, டப்பிங் பேசி, நடுவுல நாடகம் பண்றவங்க, இது மூணாவது ரகம். கூத்துப்பட்டறை மாதிரி ஒரு காலத்துல நடிகர்களை முழுநேரமா வெச்சு மாசச் சம்பளம் குடுத்த இடம் உண்டு, ஆனா அதுக்கு வெளிநாட்டு நிதி இருந்துச்சு. இந்த மூணு ரகத்துக்கும் ஒரே சங்கம் சரிப்படுமான்னா, மெம்பர் எண்ணிக்கைக்கு நல்லது, ஓட்டெடுப்புல ஆபத்து. ஆசைக்கு நடிக்கறவங்க எண்ணிக்கை தான் அதிகமா இருக்கும், ரேட் ஏறினா நாடகமே நின்னுடும்னு அவங்க தான் முதல்ல பயப்படுவாங்க, அந்த பயம் முழுக்க தப்பும் இல்ல. சபாக்கள் குடுக்கற தொகை மேடைச் செலவையே தாண்டாத நிலைமையில, எல்லாருக்கும் முழு சம்பளம்னா சில ட்ரூப் மூடத்தான் செய்வாங்க. மூடட்டும்னு சொல்ற நண்பர்கள் எனக்கு இருக்காங்க. நான் அந்த அளவுக்கு போகலை, ஆனா பிழைப்புக்கு வேலை பாக்கறவருக்கு முதல்ல, ஆசைக்கு வர்றவருக்கு அப்பறம்ங்கற வரிசையையாவது எல்லா ட்ரூப்பும் கடைபிடிக்கலாம், இருக்கற காசுலயே அது முடியும்.

நிதி சேர்க்கறதை பத்தி கேட்டிருந்தீங்க. ஒரு ஷோவுக்கு டிக்கெட் வசூல்ல சின்ன பங்கு ஒதுக்கி அவசர உதவி நிதி வெக்கறது நல்லது, சங்கம் பேர்ல தனி அக்கவுண்ட், ரெண்டு கையெழுத்து, அதுல ஒண்ணு டைரக்டரா இல்லாத ஆள். திருப்பி தர்றோம்னு மெம்பர்கள் கிட்ட பணம் வாங்கறது, சீட்டு மாதிரி சுத்த விடறது, வட்டி குடுக்கறது, இது எதுவும் வேண்டாம், சிட் ஃபண்ட் சட்டம், டெபாசிட் தடைச் சட்டம்னு வேற பக்கம் இழுத்துட்டு போயிடும். யாருக்கு எவ்வளவு குடுத்தோம்ங்கறதை பேர் போடாம மெம்பர்களுக்கு காட்டணும், பேர் போட்டு குரூப்ல ஃபோட்டோ போடற வழக்கம் நம்ம கிட்ட இருக்கு, உதவி வாங்கினவர் அப்பறம் தலை நிமிந்து ஒத்திகைக்கு வர முடியாது.

கமிட்டி எப்படி வெக்கறதுன்னா, விதிமுறையிலயே எழுதிடுங்க, டைரக்டர்கள் மூணுல ஒரு பங்குக்கு மேல இருக்கக்கூடாதுன்னு, சம்பளப் புகார் பாக்கற உட்குழுவுல போன ஒரு வருஷத்துல யாருக்காவது சம்பளம் குடுத்த ஆள் இருக்கக்கூடாதுன்னு. கமிட்டி மீட்டிங்குக்கு வர்றவருக்கு அன்னிக்கு ஒரு பேட்டா குடுங்க, இல்லைன்னா மேக்கப் மேன் வர மாட்டார், வேலை இருக்கற நாள்ல அவர் ஏன் வரணும். மீட்டிங்கை சனி ஞாயிறு வெக்காதீங்க, அவங்களுக்கு அது ஷோ நாள், திங்கட்கிழமை காலையில வைங்க. முதல் மீட்டிங்கை நீங்க கூட்டாதீங்க, ஹால் மட்டும் எடுத்து குடுத்துட்டு, ஒரு லைட்மேனையும் ஒரு மேக்கப் ஆர்ட்டிஸ்டையும் கூப்பிடச் சொல்லுங்க, உங்களை எத்தனை மணிக்கு உள்ள விடறதுன்னு அவங்க முடிவு பண்ணட்டும். நான் சொன்ன அந்த ஒரு பக்க லெட்டர் தமிழ்ல டைப் அடிச்சு வெச்சிருக்கேன், ரெண்டு மூணு ட்ரூப்ல உபயோகப்படுத்திட்டிருக்காங்க, கேன்சல் ஆனா எவ்வளவுங்கற இடத்துல மட்டும் இன்னும் யாருக்கும் ஒத்து வரலை. வேணும்னா கீழ சொல்லுங்க, அப்படியே போடறேன், அந்த வரியை நீங்க உங்க ஆளுங்களோட உக்காந்து நிரப்பிக்கோங்க.